எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர்: ஆவணங்களில் வரும் ஆங்கிலச் சொற்கள் - வாசகர் கேள்வி பதில்

நிலப் பத்திரம், உயில், ஏற்றுமதிக் காகிதம், வண்டியின் ஆர்.சி. ஆகியவற்றில் வரும் ஆங்கிலச் சொற்களைக் கேட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அந்தந்த வேலையில் பழகியவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் அர்த்தம் தெரிந்தால்தான் பிரயோசனம். அதனால் சொல்லின் பொருளோடு, அதனால் காரியத்தில் என்ன மாறுகிறது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறோம்.

தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்துல மூணு ஏக்கரா கிரயம் பேசியிருக்கோமுங்க. 30 வருசத்துக்கு ஈ.சி. (வில்லங்கச் சான்று) எடுத்தோம், இங்கிலீஷ்ல வந்திருக்குது. ஒரு சர்வே நம்பருக்கு வரிசையா பதிவு இருக்குது, இன்னொண்ணுக்கு 'நில்'னு இருக்குது. நில்னா வில்லங்கமே இல்லைன்னு நம்பலாமுங்களா?
- விவசாயி, கோபிசெட்டிபாளையம்

முழுசாக நம்ப முடியாது. பதிவுகள் இருந்தால் சார்பதிவகம் தருவது படிவம் 15. எதுவும் இல்லையென்றால் தருவது படிவம் 16. அந்தப் படிவம் 16 சொல்வது இவ்வளவுதான்: நீங்கள் மனுவில் எழுதிய சர்வே எண்ணுக்கு, நீங்கள் கேட்ட ஆண்டுகளில், அந்த அலுவலகத்தில் அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் முதல் புத்தகத்தில் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. மனுவில் உட்பிரிவைத் தப்பாக எழுதினாலும் 'நில்'தான் வரும். 215/2 இன்றைக்கு 215/2ஏ, 2பி என்று பிரிந்திருந்தால் பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் தனித்தனியாகத் தேட வேண்டும். ஊர் முன்பு வேறு சார்பதிவகத்தின் எல்லையில் இருந்திருந்தால் அங்கேயும் தேட வேண்டும். கணினியில் ஏறாத ஆண்டுகளுக்கு, கையால் தேடித் தரும்படி தனியாக மனுப் போடுங்கள்.

உயில் மூன்றாம் புத்தகத்தில் பதிவாவதால் ஈ.சி.யில் வராது. பதிவு செய்யாத கிரய ஒப்பந்தம், புரோநோட்டுக் கடன், வாய்மொழிக் குத்தகை, கோர்ட்டில் நடக்கும் பாக வழக்கு இவையும் அதில் தெரியாமல் போகலாம். ஆகவே ஈ.சி.யோடு பட்டா, கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேடு, மூலப் பத்திரம் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனிப் படிவம் 15-ஐப் படிக்கும் விதம். 'எக்ஸிக்யூடன்ட்' என்றால் எழுதிக் கொடுத்தவர், 'கிளெய்மன்ட்' என்றால் எழுதி வாங்கியவர். கிரயத்தில் இது குழப்பாது. அடமானத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள்: கடன் வாங்கிய நிலக்காரர் எக்ஸிக்யூடன்ட், கடன் கொடுத்த வங்கி கிளெய்மன்ட். 'கன்சிடரேஷன்' என்பது கைமாற்றுத் தொகை, அதாவது அந்தப் பத்திரத்துக்காகக் கைமாறிய பணம். 'பி.ஆர். நம்பர்' என்பது முந்தைய ஆவண எண். ஒரு பதிவிலிருந்து அதற்கு முந்தைய பதிவுக்குப் போக இதுதான் வழி. அந்த எண்ணைப் பிடித்துப் பின்னால் போங்கள். எங்கே தொடர்பு அறுகிறதோ அங்கே ஒரு பத்திரம் உங்கள் கைக்கு வரவில்லை என்று அர்த்தம்.

'நேச்சர்' என்ற கட்டம்தான் உயிரானது. 'கன்வேயன்ஸ்' என்றால் கிரயம். 'பார்ட்டிஷன்' பாகப்பிரிவினை. 'ரிலீஸ்' என்றால் ஒரு பங்காளி தன் பங்கை இன்னொரு பங்காளிக்கு விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரம். 'ரெக்டிஃபிகேஷன்' பிழைதிருத்தம். 'செட்டில்மென்ட்' என்பதைப் படித்துவிட்டுப் 'பேசி முடித்த வழக்கு' என்று நினைக்காதீர்கள். அது குடும்பத்தாருக்குத் தானமாக எழுதி வைத்தது. 'டெபாசிட் ஆஃப் டைட்டில் டீட்ஸ்' என்றால் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள். அதற்குப் பிந்தைய தேதியில் 'ரிசீட்' என்று ஒரு பதிவு இருந்தால் கடன் தீர்ந்து ரசீது பதிவாகிவிட்டது. ரிசீட் இல்லையென்றால், "கட்டியாச்சுங்க" என்று விற்பவர் சொன்னாலும் முன்பணம் கொடுக்காதீர்கள். வங்கிக் கடிதத்தோடு ரசீதைப் பதிவு செய்து, புதிதாக ஈ.சி. எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

தென்னந்தோப்பு ஒண்ணரை ஏக்கரா வாங்கறோம். வக்கீல் கொடுத்த இங்கிலீஷ் டிராஃப்ட்ல 'டுகெதர் வித் ஆல் ஈஸ்மென்ட்ஸ் அண்ட் அப்பர்டினன்சஸ்'னு ஒரு வரி போட்டிருக்காருங்க. கிணத்துப் பங்கும் தடமும் அதுலயே அடங்கிருமாம். சரிங்களா?
- வாசகி, பொள்ளாச்சி

தடத்துக்கு ஓரளவு சரி, கிணற்றுக்குச் சரியில்லை. 'ஈஸ்மென்ட்' என்பது அடுத்தவர் நிலத்தின் மேல் உங்களுக்கு இருக்கும் அனுபவ பாத்தியம்: வண்டித் தடம், வாய்க்கால், குழாய் போகும் வழி. நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் 'மாமூல் தடபாத்தியம்' என்று எழுதியிருப்பார்கள். 'அப்பர்டினன்ஸ்' என்றால் நிலத்தோடு ஒட்டிய சேர்மானங்கள். ஏற்கனவே இருக்கும் பாத்தியம் நிலத்தோடு சேர்ந்து வரும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டமே சொல்கிறது. ஆனால் பொதுவாக ஒரு வரி எழுதிவிட்டால், தகராறு வரும்போது தடம் எந்தப் புலத்தில், எத்தனை அடி அகலத்தில் போகிறது என்பதை நீங்கள்தான் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டிவரும். 20 ஆண்டு இடைவிடாமல், வெளிப்படையாக, உரிமையாக நடந்து வந்தோம் என்று காட்டுவது சின்ன வேலை இல்லை. எந்த சர்வே எண்ணின் எந்தப் பக்கம், தென்வடலா கிழமேலா, அகலம் எவ்வளவு, இட்டேரியில் (பொது வண்டிப் பாதையில்) எங்கே போய்ச் சேருகிறது என்று எழுதிவிடுங்கள்.

கிணறு வேறு கதை. கிணறு பங்காளியின் புலத்தில் இருந்து அதில் உங்களுக்கு நாலில் ஒரு பங்கு என்றால், அது பாத்தியம் அல்ல, சொத்து. ஆங்கில டிராஃப்டில் அதற்குச் சொல் 'அன்டிவைடட் ஷேர்', பிரிபடாத பங்கு. அதை ஷெட்யூலில் (சொத்து விவரப் பட்டியலில்) தனி ஐட்டமாகப் போட வேண்டும்: கிணறு இருக்கும் சர்வே எண், பங்கின் அளவு, மோட்டார், மோட்டார் ரூம், பைப் லைன், மின் இணைப்பின் சர்வீஸ் எண், தண்ணீர் முறை எத்தனை நாளுக்கு ஒருதரம் என்பது வரை. சர்வீஸ் எண்ணை விட்டுவிட்டால் மின்வாரியத்தில் பெயர் மாற்றும்போது இழுத்தடிக்கும்.

பரப்பையும் சரிபாருங்கள். பட்டா ஹெக்டேர்-ஏரில் இருக்கும், பத்திரம் ஏக்கர்-சென்டில் இருக்கும். 1 ஏர் என்பது 2.47 சென்ட். ஒன்றரை ஏக்கருக்குப் பட்டாவில் சுமார் 60.70 ஏர் இருக்க வேண்டும். 'மோர் ஆர் லெஸ்' என்று பரப்புக்குப் பின்னால் போடுவார்கள். நான்கெல்லைக்கும் பரப்புக்கும் முரண் வந்தால் பொதுவாக எல்லையைத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். ஆகவே எல்லையில் பழைய ஆட்களின் பெயரையே திருப்பி எழுதாமல், இன்றைக்கு யார் நிலம் என்று நேரில் போய்ப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

ஒன்று கூடுதலாக: பத்திரம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உங்கள் வீட்டில் எல்லாரும் படிக்கும்படி தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

எங்க அப்பிச்சி (அம்மாவோட அப்பா) எழுதின உயில்ல மாமன் பேரை 'எக்ஸிக்யூட்டர்'னு போட்டிருக்குது. "எனக்குத்தான் எழுதி வெச்சிருக்காரு"ன்னு மாமன் சொல்றாரு. அப்படிங்களா?
- வாசகி, ஈரோடு

எக்ஸிக்யூட்டர் என்ற சொல் மட்டும் சொத்தைக் கொடுத்துவிடாது. உயில் எழுதியவர் 'டெஸ்டேட்டர்'. அவர் காலமான பிறகு கடனைத் தீர்த்து, உயிலில் சொன்னபடி பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளிதான் எக்ஸிக்யூட்டர். சொத்தைப் பெறுபவர் 'லெகடீ' அல்லது 'பெனிஃபிஷியரி'. ஒருவரே இரண்டுமாக இருக்கலாம். அதனால் 'பிக்வீத்' (உயிலால் கொடுப்பது) என்ற சொல் வரும் வரிகளைத் தேடிப் பாருங்கள். எந்தச் சொத்து யாருக்கு என்று அங்கேதான் எழுதியிருக்கும். அங்கே உங்கள் அம்மாவின் பெயர் இருந்தால் மாமன் அதைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்.

இன்னும் மூன்று சொற்களைப் பாருங்கள். 'லைஃப் இன்டரஸ்ட்' என்று அம்மிச்சிக்கு (பாட்டிக்கு) எழுதியிருந்தால், அவர் ஆயுள் வரை அனுபவிக்கலாம், விற்க முடியாது. 'ரெசிட்யூ' என்றால் பெயர் சொல்லிக் கொடுக்காத மிச்சச் சொத்து. அது யாருக்கு என்று தனி வரி இருக்கும். 'கோடிசில்' என்றால் பின்னால் எழுதிய இணைப்பு உயில். அது இருந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் குறைந்தது இரண்டு 'அட்டெஸ்டர்' வேண்டும். எழுதியவர் கையெழுத்திட்டதைப் பார்த்தோ, "இது என் கையெழுத்து" என்று அவர் சொல்லக் கேட்டோ, அவர் முன்னிலையில் கையெழுத்துப் போட்ட சாட்சிகள் அவர்கள். உயிலைத் தட்டச்சு செய்தவரின் கையெழுத்து கீழே இருந்தாலும் அவர் 'ஸ்கிரைப்'தான். சாட்சிகள் உயிரோடு இருக்கிறார்களா, எங்கே இருக்கிறார்கள் என்று இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். வழக்கு என்று வந்தால் அவர்களில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும்.

பேங்க் டெபாசிட்டில் 'நாமினி' நான். 'ஐதர் ஆர் சர்வைவர்' என்றும் இருக்கிறது. பணம் எனக்குத்தானே?
- வாசகர், சத்தியமங்கலம்

நாமினி என்றால் வங்கி யார் கையில் பணத்தைக் கொடுக்கலாம் என்பதற்கான ஆள். வாங்கிய பணத்தை வாரிசுகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். ஆயுள் காப்பீட்டு நாமினிக்கும் இதுதான் நிலை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015-இல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே என்று ஆக்கினார்கள். இந்தத் திருத்தம் காப்பீட்டுக்குத்தான், வங்கி டெபாசிட்டுக்கு இல்லை. 'ஐதர் ஆர் சர்வைவர்' என்றால் இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்றால் முதல் பெயர்க்காரர் இருக்கும் வரை அவர் மட்டுமே எடுக்கலாம்.

பனியன் ஏற்றுமதிக்குப் புதுசுங்க. பையர் எல்.சி. (அவரு பேங்க் தர்ற பண உறுதிக் கடிதம்) அனுப்பியிருக்காரு. பி.எல்.லில் 'கன்சைனீ', 'நோட்டிஃபை பார்ட்டி', 'டு ஆர்டர்', 'கிளீன் ஆன் போர்டு'ன்னு கேட்டிருக்குது. சரக்கு அனுப்பித் தர்ற ஃபார்வர்டர் "நாங்க பார்த்துக்கறோம்"ங்கறாரு. நான் என்ன பார்க்கணும்?
- சிறு உற்பத்தியாளர், திருப்பூர்

ஃபார்வர்டர் சரக்கைப் பார்த்துக்கொள்வார். பணம் உங்களுடையது, ஆகவே காகிதத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும். எல்.சி. வியாபாரத்தில் வங்கி பெட்டியைத் திறந்து துணியைப் பார்ப்பதில்லை. காகிதங்களை மட்டும் பார்த்துப் பணம் தருகிறது.

பி.எல். என்பது கப்பல் கம்பெனி தரும் 'பில் ஆஃப் லேடிங்'. அது சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது மட்டும் இல்லை, சரக்கின் உரிமைக் காகிதமும்கூட. 'கன்சைனீ' என்றால் சரக்கைப் பெறுபவர். அந்தக் கட்டத்தில் வாங்குபவரின் பெயர் நேராக இருந்தால் உரிமை அவர் பக்கம் போய்விட்டது. 'டு ஆர்டர்' என்று இருந்தால் ஷிப்பரான நீங்கள் பின்பக்கம் கையெழுத்திட்டு மாற்றும் வரை உரிமை உங்களிடம். 'டு ஆர்டர் ஆஃப்' என்று ஒரு வங்கியின் பெயர் வந்தால் அந்த வங்கி எழுதிக் கொடுத்தால்தான் சரக்கை எடுக்க முடியும். 'நோட்டிஃபை பார்ட்டி' கப்பல் வந்ததும் தகவல் சொல்லப்பட வேண்டியவர், அவ்வளவுதான். அவருக்குச் சரக்கின் மேல் உரிமை இல்லை.

'கிளீன்' என்றால் பெட்டி நசுங்கியது, நனைந்தது போன்ற குறிப்பு எதுவும் பி.எல்.லில் இல்லை என்று அர்த்தம். 'ஆன் போர்டு' என்றால் சரக்கு கப்பலில் ஏறிவிட்டது, தேதியோடு. தூத்துக்குடி யார்டில் ஒப்படைத்ததற்கு வரும் 'ரிசீவ்டு ஃபார் ஷிப்மென்ட்' போதாது. அதன்மேல் ஏற்றிய தேதியோடு 'ஆன் போர்டு' குறிப்பு வேண்டும். அந்தத் தேதிதான் ஷிப்மென்ட் தேதி. எல்.சி.யில் வேறு கெடு சொல்லவில்லையென்றால், எல்.சி.க்கான உலகப் பொது விதியான யு.சி.பி. 600-இன்படி அதிலிருந்து 21 நாளுக்குள், எல்.சி. முடியும் தேதியையும் தாண்டாமல், காகிதங்களை வங்கியில் கொடுக்க வேண்டும். வங்கிக்குப் பரிசீலிக்க 5 வங்கி வேலை நாள்.

'டிஸ்கிரிபன்சி' (முரண்) என்று வங்கி திருப்புவது பெரும்பாலும் மூன்று இடத்தில். ஒன்று, கமர்ஷியல் இன்வாய்சில் சரக்கின் விவரம் எல்.சி.யில் உள்ளதற்கு ஒத்துவராதது. எல்.சி.யில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் அப்படியே எடுத்துப் போடுங்கள். எல்.சி.யிலேயே எழுத்துப்பிழை இருந்தால், சரக்கு கிளம்பும் முன் 'அமெண்ட்மென்ட்' (திருத்தம்) கேட்டு வாங்குங்கள். இரண்டு, எண்ணிக்கை. 'அபௌட்' (சுமார்) என்ற சொல் அளவுக்கு முன்னால் இருந்தால் 10 சதவீதம் கூடவோ குறையவோ அனுப்பலாம். அந்தச் சொல் இல்லாதபோது விதி தரும் 5 சதவீத சலுகை, பீஸ் கணக்கில் விற்கும் சரக்குக்குக் கிடையாது. கட்டிங்கில் பீஸ் குறைவது இங்கே வாடிக்கை என்பதால் ஆர்டர் பேசும்போதே 'அபௌட்' போடச் சொல்லிக் கேளுங்கள். மூன்று, 'ஃபுல் செட்'. மூன்று ஒரிஜினல் பி.எல். கொடுத்தால் மூன்றும் வங்கிக்குப் போக வேண்டும், ஒன்றை நேராகப் பையருக்கு அனுப்பக் கூடாது.

விமானத்தில் அனுப்பினால் கவனம் இன்னும் கூட வேண்டும். 'ஏர்வே பில்' உரிமைக் காகிதம் இல்லை. அதில் கன்சைனீ யாரோ அவர் ஒரிஜினல் காட்டாமலே சரக்கை எடுத்துக்கொள்வார். பணம் கைக்கு வராத நிலையில் பையரின் வங்கியை, அந்த வங்கியின் சம்மதத்தோடு, கன்சைனீயாகப் போடுவதுதான் பாதுகாப்பு.

'அட்டெஸ்டட்', 'செல்ஃப் அட்டெஸ்டட்', 'நோட்டரைஸ்டு', 'சர்டிஃபைடு காப்பி', 'ட்ரூ காப்பி' எல்லாம் ஒன்றா?
- மாணவி, கரூர்

இல்லை. 'செல்ஃப் அட்டெஸ்டட்' என்றால் நகலின் மேல் நீங்களே கையெழுத்திட்டு உண்மை நகல் ('ட்ரூ காப்பி') என்று பொறுப்பேற்பது. 'அட்டெஸ்டட்' என்று மட்டும் கேட்டால் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் ஒரிஜினலோடு ஒப்பிட்டுக் கையெழுத்து, பெயர், பதவி முத்திரை வைக்க வேண்டும். 'நோட்டரைஸ்டு' என்றால் 1952-ஆம் ஆண்டின் நோட்டரி சட்டப்படி நியமனமானவர் முத்திரை வைத்துத் தன் பதிவேட்டில் வரிசை எண் போடுவது. எண் இல்லாத முத்திரையை வாங்கி வராதீர்கள். 'சர்டிஃபைடு காப்பி' இவை எல்லாவற்றிலும் வேறுபட்டது. மூலப் பதிவேட்டை வைத்திருக்கும் அலுவலகமே தரும் நகல் அது. சார்பதிவகம், கோர்ட் இவற்றின் சான்று நகலை வெளியே யாரும் முத்திரை வைத்து உண்டாக்க முடியாது.

வெளிநாட்டுப் படிப்புக்கு 'அபோஸ்டில்' கேட்டால் அது வெளியுறவு அமைச்சகத்தின் ஒட்டுச் சான்று. அதற்கு முன் மாநில அரசின் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். இந்தச் சான்றை ஏற்கும் நாடுகளுக்கிடையே ஓர் ஒப்பந்தம் உண்டு. இந்தியாவுக்கு அது 2005-இல் நடப்புக்கு வந்தது. துபாய் இருக்கும் ஐக்கிய அரபு அமீரகம் இதில் இல்லை. அங்கே போகும் சான்றிதழுக்குத் தூதரகச் சான்று வேண்டும்.

லாரிக் கடன் முடிஞ்சுது. ஆர்.சி.யில் 'ஹைப்பாத்திகேஷன்' இன்னும் இருக்குது. அதனால பாதகம் உண்டுங்களா?
- லாரி உரிமையாளர், சங்ககிரி

உண்டு. ஹைப்பாத்திகேஷன் என்றால் வண்டி உங்கள் கையில், பிடிமானம் கடன் கொடுத்தவரிடம். நகைக் கடனில் நகை அவர்கள் பெட்டியில் இருக்கும்; அது 'பிளெட்ஜ்'. நிலத்தை ஈடு வைத்தால் 'மார்ட்கேஜ்'. கடன் முடிந்ததும் ஃபைனான்சில் என்.ஓ.சி.யும், இரு தரப்பும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீக்குங்கள். அது நிற்கும் வரை ஃபைனான்சின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வண்டியைப் பெயர் மாற்றி விற்க முடியாது, வேறு கடனும் ஏறாது. பெரும்பாலோர் மறப்பது இன்சூரன்ஸ் பாலிசியை. அதிலும் ஃபைனான்சின் பெயர் 'எண்டார்ஸ்மென்ட்' என்ற சேர்ப்புக் குறிப்பாக இருக்கும். நீக்காமல் விட்டால், வண்டி முழுச் சேதமாகும் நாளில் இழப்பீட்டுக் காசோலை அவர்கள் பக்கம் போகும். இன்னொரு என்.ஓ.சி. இருக்கிறது, படிவம் 28. அது வண்டியை வேறு ஆர்.டி.ஓ. எல்லைக்கு மாற்றும்போது வாங்குவது. பெயர் ஒன்று என்பதால் இரண்டையும் குழப்ப வேண்டாம்.

தாலூக்கா ஆபீஸில் பழைய பதில் கடித நகல் கேட்டால் "எல்.டிஸ். ஃபைல், இப்ப இருக்காது" என்கிறார்கள். என்ன அர்த்தம்?
- வாசகர், தாராபுரம்

'டிஸ்' என்பது 'டிஸ்போசல்', கோப்பு முடிந்த விதம். முன்னெழுத்து, எத்தனை காலம் வைத்திருப்பது என்பதைச் சொல்கிறது. 'ஆர்.டிஸ்.' நிரந்தரமாக வைப்பது. 'டி.டிஸ்.' பத்தாண்டு, 'கே.டிஸ்.' மூன்றாண்டு, 'எல்.டிஸ்.' ஓராண்டு. கெடு முடிந்தால் அழிக்கலாம். தமிழ்க் கடிதங்களில் 'மூ.மு.' என்று பார்த்திருப்பீர்கள். அது மூன்றாண்டு முடிவு. ஆகவே உங்களுக்கு முக்கியமான உத்தரவில் எல்.டிஸ். இருந்தால் ஒரு வருடத்துக்குள் சான்று நகல் வாங்கி வீட்டில் வைத்துவிட வேண்டும்.

இப்போது செய்யக்கூடியது: கடித எண்ணில் ஆண்டும், அதற்குப் பின்னால் 'அ3' போலப் பிரிவும் இருக்கும். முழு எண்ணையும் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கோப்பின் நகலையும், அழித்திருந்தால் அழிப்புப் பதிவேட்டில் அந்தப் பக்கத்தின் நகலையும் சேர்த்தே கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. வாய்மொழியாக 'இருக்காது' என்றவர்கள் எழுத்தில் கேட்டதும் ரெக்கார்டு ரூமில் தேடுவது உண்டு.

பத்திரம் தொலைந்துவிட்டது. போலீசில் சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள். அது எஃப்.ஐ.ஆர். தானா?
- வாசகர், மேட்டுப்பாளையம்

இல்லை. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான பதிவு. எஃப்.ஐ.ஆர். குற்ற வழக்குப் பதிவு. திருட்டு என்றால் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். கைதவறிப் போனதென்றால் கடைசியில் உங்களுக்கு வேண்டியது 'நான் டிரேசபிள்' சான்று, அதாவது தேடியும் கிடைக்கவில்லை என்று போலீஸ் எழுதித் தருவது. வாங்குபவரும் வங்கியும் கேட்பது இதையும், பத்திரிகை விளம்பரத்தையும், சார்பதிவகத்தின் சான்று நகலையும்தான். புகாரில் ஆவண எண், ஆண்டு, சார்பதிவகம், சர்வே எண் நான்கையும் எழுதுங்கள். அவை இல்லாத சான்று எந்தப் பத்திரத்துக்கு என்று யாருக்கும் புரியாது.

பாஸ்போர்ட் படிவத்தில் 'கிவன் நேம்', 'சர்நேம்' கேட்கிறது. எனக்கு இனிஷியல்தான் இருக்கிறது. சர்நேமைக் காலியாக விடலாமா?
- வாசகி, பெருந்துறை

விண்ணப்பத்தில் விடலாம். பயணத்தில் சிக்கல் வரும். 2022 நவம்பரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா விஷயத்தில் கெடுபிடி வைத்தது. உங்கள் பெயரைக் கிவன் நேமிலும், இனிஷியலை விரித்து அப்பாவின் பெயரைச் சர்நேமிலும் போடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். ஆதார், பான், பத்தாம் வகுப்புச் சான்று மூன்றிலும் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இரு கட்டங்களையும் நிரப்புங்கள். சர்நேம் கட்டத்தில் கணவர் பெயரை ஓரிடத்திலும் அப்பா பெயரை இன்னோரிடத்திலும் போட்டுவிட்டால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று 'ஒன் அண்ட் த சேம்' அஃபிடவிட் கொடுக்கச் சொல்வார்கள். அதையும் எல்லா நாட்டுத் தூதரகமும் ஏற்றுக்கொள்ளும் என்று இல்லை.